வடிவான சட்டி, பேரில்லாத கை

சித்தாண்டியில், திருகோணமலை வீதி ஓரமாக, நாங்கள் அடிக்கடி நிற்கிற ஒரு தயிர்க்கடை இருக்கிறது. கடை என்றால் பெரிசாக ஒண்டுமில்லை. நாலு தடி, மேலே கிடுகு, ஒரு மேசை, அதில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தயிர்ச்சட்டிகள். வந்தாறுமூலையில் விரிவுரை முடிந்து வருகிற நாட்களில் காசு சேர்த்து ஒரு சட்டி வாங்குவோம். யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் வைத்து, சீனி போட்டு, அடிவரைக்கும் வழித்துத் தின்போம். பிறகு சட்டியை வேலியோரம் போட்டுவிடுவோம். இவ்வளவு காலமும் அப்படித்தான்.

போன மாதம் ஒருநாள் அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது எங்களில் ஒருத்தி போனை நீட்டினாள். ஜப்பானில் யாரோ கையால் செய்த ஒரு சோற்றுக் கிண்ணம். மண்ணிறம். விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. அடியில் விரல் பட்ட தடம் அப்படியே கிடக்கிறது. படத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். "என்ன வடிவுகா!" என்றோம். விலையை ரூபாவாக்கிப் பார்த்தோம். எங்களுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தன் மெதுவாகச் சொன்னான்: "இந்த மேசையில இரிக்கிற மாதிரித்தானே கிடக்கு."

சிரித்தோம். சிரித்துவிட்டுக் குனிந்து பார்த்தோம். மண்ணிறம், சரிந்த விளிம்பு, விரல் தடம் எல்லாமே மேசையில் இருந்தன. உடனே போன்களை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினோம். தயிர் விற்கிற மாமி கேட்டா: "தயிர வாங்கிற்றுப் போங்க மனே. சட்டியப் படம் புடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போது எழுதுவது அந்தப் பதிலைத் தேடித்தான். எங்கள் கருத்தை முதலே சொல்லிவிடுகிறோம். ஜப்பானியக் கைவினைக் கிண்ணங்களின் அமைதியான அழகு உண்மையானது. அதை ரசிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அந்த அமைதியைத் தாங்கிப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, விலை கொடுக்கிற கை இருக்கிறது. நம்மட சட்டியைச் சுற்றியும் ஓர் அமைதி இருக்கிறது. அது வேறு மாதிரியானது. அதைச் செய்தவரைப் பற்றி யாரும் கேட்காததால் வந்த அமைதி அது.

கையில் ஏந்துகிற கிண்ணம்

முதலில் அந்தக் கிண்ணத்தை வடிவாகப் பார்ப்போம்.

ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தை மேசையில் வைத்துக் குனிந்து சாப்பிடுவதில்லை. இடக்கையில் தூக்கி, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், குச்சியால் சாப்பிடுகிறார்கள். அதனால் கிண்ணத்தின் பாரமும் வளைவும் உள்ளங்கைக்கு அளவாக இருக்கவேண்டும். அடியில் ஒரு வளையம் இருக்கும். சோறு கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் அந்த வளையத்தில் விரலைக் கொடுத்துத் தூக்கலாம். பல வீடுகளில் அவரவர்க்கென்று தனிக் கிண்ணம் உண்டு. மேசையில் உள்ள எல்லாமே ஒரே செட்டாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மீனுக்கு நீளமான ஒரு தட்டு, ஊறுகாய்க்குச் சின்னதாக ஒன்று, சூப்புக்கு மரக்கிண்ணம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.

ஒகயாமாப் பகுதியில் பிசென் என்றொரு இடம் இருக்கிறது. அங்கே பாத்திரங்களுக்குப் பளபளப்புப் பூச்சு எதுவும் பூசுவதில்லை. பைன் விறகு போட்டு ஒரு வாரத்துக்கு மேலாகச் சூளை எரிப்பார்கள். உள்ளே ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடாமல் இருக்க வைக்கோலைச் சுற்றி அடுக்குவார்கள். வைக்கோல் பட்ட இடமெல்லாம் நெருப்பில் சிவந்த கோடாகிவிடும். ஒட்டாமல் இருக்கச் செய்த வேலைதான் பிறகு அந்த ஊரின் அலங்காரமாக நின்றது. யாரும் உட்கார்ந்து கீறிய கோலம் இல்லை அது. எங்களுக்கு இந்தக் கிண்ணங்களில் பிடித்தது இதுதான். வேலை நடந்த தடத்தை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் நம்மட வீடுகளில் 'ஜப்பான் பீங்கான்' என்றால் ஞாபகம் வருவது இது இல்லை. ஷோகேஸ் அலுமாரிக்குள் வெள்ளை வெளேரென்று இருக்கும் நொரிடாகே செட்தான். 1904இல் நகோயாவில் தொடங்கிய கம்பனி அது. நம்மட நாட்டிலேயே மாத்தளையில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. அம்மா அதைக் கழுவித் துடைத்து உள்ளே வைப்பா. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் எடுப்பா. வீட்டுக்காரர் சாப்பிடுவது பிளாஸ்டிக் கோப்பையில். இரண்டும் ஜப்பானிலிருந்து வந்த வழிதான். ஒன்று தினமும் கையில் ஏந்துவதற்கு, மற்றது பூட்டி வைப்பதற்கு. நாங்கள் எடுத்துக்கொண்டது பூட்டி வைக்கிற வழியை.

வடிவு, வடிவா

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். நம்மட உள்ளங்கை கிண்ணத்தைத் தொடுவதில்லை, சோற்றைத் தொடுகிறது. அதனால் கோப்பையைவிட அடுப்படிச் சட்டியில்தான் நம்மட ஆட்கள் கவனம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். மீன் ஆணத்துக்கு ஒரு சட்டி, சோற்றுக்குக் கழுத்து ஒடுங்கிய பானை, தண்ணிக்குக் குடம், தயிருக்கு வாயகன்ற சட்டி. ஒன்றின் வேலையை மற்றதில் செய்ய வராது.

தயிர்ச்சட்டியையே எடுங்கள். அதற்கும் பூச்சு இல்லை. 1000 பாகை செல்சியசுக்குக் குறைந்த சூட்டில் சுடப்பட்டது. அதனால் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மூடாமல் இருக்கும். தயிர் உறையும்போது மேலதிக நீரைச் சட்டி உறிஞ்சுகிறது. உறிஞ்சிய நீர் வெளிப்பக்கத்தால் ஆவியாகப் போகிறது. போகும்போது உள்ளே குளிர்ச்சி தருகிறது. மட்டக்களப்புத் தயிர் கட்டியாக இருப்பதற்குப் பால் மட்டும் காரணம் இல்லை, சட்டியும்தான். அதே பாலைப் பிளாஸ்டிக் கப்பில் உறைய வைத்துப் பாருங்கள், மேலே தண்ணி நிற்கும். வாய் அகன்றிருப்பதும் சும்மா இல்லை. கரண்டி மூலைவரைக்கும் போகவேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவும் வேண்டும்.

எங்கட தமிழில் அழகுக்கு 'வடிவு' என்கிறோம். உருவத்துக்கும் 'வடிவம்' என்பதுதான் சொல். அதோடு நிற்கவில்லை. 'வடிவாச் செய்', 'வடிவாக் கேளு' என்றால் கவனமாக, ஒழுங்காக என்று அர்த்தம். அழகு, உருவம், கவனம் மூன்றும் எங்கட வாயில் ஒரே சொல்லாக இருக்கின்றன. 'வாபி-சாபி' என்று இன்ஸ்டகிராமில் தேடிப் படிக்கிற எங்களுக்கு அம்மம்மா தினமும் சொல்கிற இந்தச் சொல் காதில் விழவில்லை. ஜப்பான் சொல் கூடாது என்று இதைச் சொல்லவில்லை. அந்தச் சொல் எங்களைத் திரும்ப வீட்டு அடுப்படிக்குக் கூட்டி வந்தது என்பதற்காகவே சொல்கிறோம்.

மஷிகோ என்ற ஊர்

இங்கே ஒரு பிழையான எண்ணத்தை விலக்கவேண்டும். 'ஜப்பான்காரருக்குப் பிறவியிலேயே ரசனை, நமக்கு அது இல்லை' என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை.

தோக்கியோவுக்கு வடக்கே மஷிகோ என்று ஓர் ஊர். 1853இல் அங்கே மண்பாண்டத் தொழில் தொடங்கியது. கிண்ணமும் தேநீர்க் கோப்பையும் அங்கே முதலில் செய்யவில்லை. தண்ணீர்ச் சாடி, அரைக்கிற சட்டி, கேத்தல் என்று அடுப்படிச் சாமான்தான் செய்தார்கள். நம்மட சட்டிபானை மாதிரியே. பிறகு நகரத்து வீடுகளுக்குள் உலோகப் பாத்திரங்கள் வரவும் மஷிகோச் சாமான் தேவைப்படாமல் போகத் தொடங்கியது. 1924இல் ஹமாடா ஷோஜி என்ற குயவர் அங்கே போய்க் குடியேறினார். அவர் இங்கிலாந்தில் பேர்னாட் லீச்சோடு சேர்ந்து வேலை செய்துவிட்டு வந்தவர். உள்ளூர்க் களியையும் உள்ளூர்ப் பூச்சையும் வைத்தே சாப்பாட்டு மேசைக்கான பாத்திரங்களைச் செய்தார். அடுப்படியை விட்டு மேசைக்கு அந்த ஊரே மெல்ல மெல்ல மாறியது. இன்றைக்கும் வருடத்தில் இரண்டு தடவை மஷிகோவில் மண்பாண்டச் சந்தை கூடுகிறது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1950இல் பண்பாட்டுச் சொத்துக்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதன்கீழ் 1955இல் கைவினைஞர்களையே பாதுகாக்கவேண்டிய சொத்தாக அறிவிக்கத் தொடங்கினார்கள். 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று மக்கள் சொல்வது அவர்களைத்தான். முதல் ஆண்டிலேயே ஹமாடாவும் அதில் இருந்தார். 1974இல் பாரம்பரியக் கைத்தொழில்களை வளர்க்க இன்னொரு சட்டம் வந்தது. ஆக, போனில் நாங்கள் பார்த்த அந்த அமைதியான கிண்ணத்துக்குப் பின்னால் நூறு வருட வேலை இருக்கிறது.

கிண்ணத்துக்கு யாருடைய பேர்?

இந்தக் கதையில் எங்களை உறுத்துகிற பக்கமும் ஒன்று உண்டு.

சாதாரண மக்கள் புழங்கும் சாமான்களின் அழகைப் பற்றி ஜப்பானில் பெரிதாகப் பேசியவர் யனாகி சோஎட்சு. 'மிங்கேய்', அதாவது மக்கள் கைவினை என்ற சொல்லை 1925இல் ஹமாடாவோடும் கவாய் கன்ஜிரோவோடும் சேர்ந்து உருவாக்கியவர். 1936இல் தோக்கியோவில் அதற்கென்று ஓர் அருங்காட்சியகமும் திறந்தார். பேர் போடாத, பேர் தெரியாத கைவினைஞன் செய்ததில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்பது அவருடைய கருத்து.

1931இல் அவர் கியோட்டோவில் ஒரு தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். 'கிசாயெமொன்' என்பது அதன் பேர். ஜப்பானில் தேநீர்க் கிண்ணங்களிலேயே பெரியதாக மதிக்கப்படுவது, தேசியப் பொக்கிஷம். ஆனால் அது ஜப்பானில் செய்ததே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் ஏதோ ஓர் ஏழைக் குயவன் விறுவிறென்று செய்து தள்ளிய சாதாரணச் சாப்பாட்டுக் கிண்ணம். யனாகிக்கு அது பெரிய சந்தோசம். தான் சொன்னதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் கிசாயெமொன் யார்? செய்தவரா? இல்லை. அதைச் சொந்தமாக வைத்திருந்த ஒசாகா வியாபாரி. வைத்திருந்தவரின் பேர் நானூறு வருடமாக நிற்கிறது. செய்தவரின் பேர் செய்த அன்றைக்கே போய்விட்டது.

கொரியக் குயவர்களின் கதை இதோடு முடியவில்லை. 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவுக்குள் புகுந்தபோது குயவர்களையும் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு நாம் ரசிக்கிற அரிதா, ஹாகி, சத்சுமா என்ற பேர்களெல்லாம் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் கையில் வளர்ந்தவை. யனாகி கொரியாவை நேசித்தவர்தான். அது ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில், 1924இல், சியோலில் கொரியக் கைவினைக்கு அருங்காட்சியகம் வைத்தவர். இருந்தாலும் கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகு என்று அவர் எழுதியதைப் பின்னால் கொரிய அறிஞர்கள் ஏற்கவில்லை. எங்களைப் பாவம் பார்த்து ரசிக்காதீர்கள் என்பதுதான் அந்த மறுப்பின் சாரம்.

நம்மட பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கொழும்பில் பிறந்த, தந்தை வழியில் தமிழரான ஆனந்த குமாரசுவாமி. யனாகிக்கு முன்னமே, 1908இல், இலங்கையின் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். கோயில் சிலையோடு நிற்காமல் கைவினைஞர் செய்த புழங்கு சாமான்களையும் கலையாக எண்ணி எழுதினார். அவரைப் பற்றிப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். தயிர்ச்சட்டியோடு சேர்த்து நினைத்ததில்லை.

"பேரைப் போடாதீங்க மனே"

தயிர் மாமியிடம் கேட்டு, சட்டி எங்கிருந்து வருகிறது என்று அறிந்து, இரண்டு மோட்டார் சைக்கிளில் போனோம். வாவிக்கரைப் பக்கமாக ஓர் ஊர். எழுபது வயது தாண்டிய ஐயா ஒருவர். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு, அதற்குள் சக்கரம். நாங்கள் போன நேரம் சட்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நூலால் அறுத்து எடுத்துப் பலகையில் வைத்தார். பெரிய பானைகளைக் கொஞ்சம் வாடவிட்டு, உள்ளே ஒரு கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி அகலமாக்கினார். தட்டுகிற சத்தம் மாறினால் மண் எந்த இடத்தில் தடிப்பு என்று அவருக்கு விளங்கும். எங்களுக்கு எல்லாச் சத்தமும் ஒரே மாதிரித்தான் கேட்டது.

நிறையச் சொன்னார். களி அள்ள இப்போது அனுமதி எடுக்கவேண்டும். விறகு விலை. மாரி தொடங்கினால் தை வரைக்கும் காயவும் காயாது, சுடவும் ஏலாது. ஒரு சட்டிக்குக் கிடைப்பது என்ன என்றும் சொன்னார். நாங்கள் குடிக்கிற பிளேன்டீயின் விலையோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தோம்.

அன்றிரவு அவருடைய கைகளை மட்டும் படமாகப் போட்டோம். களி பூசிய விரல்கள், கறுப்பு வெள்ளையில். 'பேரறியாக் கலைஞனின் கைகள்' என்று தலைப்பு. நல்ல வரவேற்பு. இரண்டு நாள் கழித்துத்தான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "பேரறியா எண்டு எப்பிடிப் போட்ட நாம? ஒருத்தரும் அவர்ட பேரைக் கேக்கவேயில்லையே?"

வெட்கமாகப் போய்விட்டது. யனாகியைப் பற்றி மேலே கணக்கு எழுதிய நாங்களே செய்த வேலை இது. அவர் பேர் அறியப்படாதவர் இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், நாங்கள்தான் கேட்கவில்லை.

திரும்பப் போனோம். படத்தைக் காட்டினோம், பிழை விட்டுவிட்டோம் என்று சொன்னோம். இனிப் பேரோடு எழுதப் போகிறோம், எழுதலாமா என்று கேட்டோம். அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேரைப் போடாதீங்க மனே. பேத்தி டவுண் பள்ளிக்கூடத்துக்குப் போறா."

அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. எங்களுக்கும் தேவைப்படவில்லை. சட்டிபானை செய்கிற குடும்பம் என்று தெரிந்தால் வகுப்பில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்களில் சிலர் சின்ன வயதில் அப்படிக் கூப்பிட்டும் இருக்கிறோம்.

தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடும்போது பானை வேண்டும். கோயிலில் கும்பம் வைக்கவேண்டும். செத்தவீட்டில் கொள்ளிக்குடம் உடைக்கவேண்டும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர் செய்தது வேண்டும். ஆனால் அவருடைய பேத்திக்கு அது மறைக்கவேண்டிய சங்கதி. ஜப்பானில் குயவனைப் பொக்கிஷம் என்கிறார்கள், இங்கே குயவன் என்பதே ஏச்சாக இருக்கிறது. இந்த இடத்தில் நின்றுகொண்டு 'பேரில்லாத அழகு' என்று பேசுவது எவ்வளவு பொய்! பேர் போடாமல் விடுவதற்கும் பேர் போடப் பயப்படுவதற்கும் நடுவில் இருப்பது சாதி.

அதனால் இந்தக் கட்டுரையிலும் அவருடைய பேர் இல்லை, ஊரும் இல்லை. போன தடவை நாங்கள் கேட்காததால் இல்லை. இந்தத் தடவை அவர் சொன்னதால் இல்லை.

புல் இல்லாட்டிச் சட்டியும் இல்லை

சட்டியை மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது என்பதும் சித்தாண்டியில் இருக்கிற எங்களுக்குத் தெரியவேண்டும்.

இடம்பெயர்ந்து ஓடுகிறவர்கள் மண்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. 1990இல், 2004 சுனாமியில், 2006-2007இல் வாகரையும் படுவான்கரையும் காலியானபோது எங்கட ஆட்கள் விட்டுவிட்டு வந்தவற்றில் பானையும் சட்டியும் இருந்தன. முகாமில் கிடைத்தது அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் வாளியும். அந்த நேரம் அதுதான் உயிர் காத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரும்பி வந்தபோது அடுப்படி மாறியிருந்தது. பிளாஸ்டிக்குக்கு மாறியதற்கு 'ரசனை கெட்டுப்போச்சு' என்று காரணம் சொல்கிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

மண்சட்டி மிஞ்சி நிற்கிற பெரிய இடம் தயிர். தயிருக்குப் பால் வேண்டும், பாலுக்கு மாடு, மாட்டுக்குப் புல். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது இதே சித்தாண்டியில்தான். மேய்ச்சல் நிலத்துக்குள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியதும், மாடுகள் வெட்டுப்பட்டும் சுடுபட்டும் வந்ததும்தான் காரணம். அந்தப் பந்தலைத் தாண்டித்தான் நாங்கள் நாள்தோறும் கம்பஸ் போனோம். சிலநாள் உள்ளே போய் இருந்தோம், பலநாள் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துக்கொண்டு போனோம். மேய்ச்சல் தரை போனால் பட்டி போகும். பட்டி போனால் வீதியோரத் தயிர் மேசை போகும். அது போனால் அந்த ஐயாவின் சக்கரமும் நிற்கும். ஒரு சட்டியின் அழகைப் பேசத் தொடங்கினால் பேச்சு மேய்ச்சல் தரையில்தான் போய் முடிகிறது.

அப்ப என்ன செய்யலாம்?

'அப்ப அவர்ட பேத்தியும் சட்டிதான் செய்யணுமா?' என்று எங்கட கூட்டத்துக்குள்ளேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. இல்லை. அவ டொக்டராகட்டும், எதுவாகவும் ஆகட்டும். அந்தத் தொழிலை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டிவைத்ததே சாதிதான். அதைப் 'பாரம்பரியம்' என்று சொல்லி நாங்கள் திரும்பக் கட்டிவைக்கக் கூடாது. யார் விரும்பினாலும் படிக்கக்கூடிய, படித்தால் வாழக்கூடிய தொழிலாக அது மாறவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. விரும்பினால் எங்களில் ஒருத்தர் போய்ப் படிக்கவும் கூடிய தொழிலாக.

அது நடக்காத காரியம் இல்லை. 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில், நாங்கள் மேலே சொன்ன பிசெனில், தொழில் பழகியவர். அங்கே படித்தவர்கள் பலர் தனித்தனிப் பட்டறை போட்டார்கள். இன்றைக்குப் புதுச்சேரியும் ஆரோவில்லும் கைவினைப் பீங்கானுக்குப் பேர்போன இடங்கள். பிறப்பால் குயவர் அல்லாதவர்களும் பெருமையோடு செய்கிற வேலையாக அது அங்கே இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஸ்டூடியோவில் செய்த கிண்ணத்துக்குக் கிடைக்கிற விலையும் மரியாதையும் தமிழ்நாட்டுக் கிராமத்து வேளார் சுடுகிற சட்டிக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பள்ளத்தை இங்கேயும் தோண்டிவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம்மட சட்டிக் களியை வைத்து ஜப்பான் கிண்ணம் செய்ய ஏலாது. அந்தக் கிண்ணங்களில் பெரும்பாலானவை 1200 பாகைக்கு மேலே சுடப்படுபவை. நம்மட களியை அந்தச் சூட்டில் வைத்தால் உருக்குலைந்துவிடும். தேவையும் இல்லை. துளை மூடாத மண்ணுக்கு அதற்கென்று வேலை இருக்கிறது: தயிர், தண்ணி, ஆணம். மஷிகோ ஊர்க்காரர் தங்கட களிக்கு ஏற்ற உருவத்தைத்தான் தேடினார்கள். நாங்களும் அப்படித் தேடலாம். ஒரு ஆளுக்கு அளவான சின்னத் தயிர்ச்சட்டி, மூடியோடு தண்ணிக் கூசா, மேசையில் அப்படியே கொண்டுவந்து வைக்கிற ஆணச்சட்டி. வரையத் தெரிந்தவர்கள் வரையட்டும், செய்யத் தெரிந்தவர் அது சரிவருமா என்று சொல்லட்டும். காசு யாருக்கு எவ்வளவு என்பதை முதலே பேசிக்கொள்ளவேண்டும்.

இதெல்லாம் நாளைக்கே நடக்காது. நாளைக்கே செய்யக்கூடியவை சிலது இருக்கின்றன. தயிர் வாங்கும்போது பேரம் பேசுவதை நாங்கள் விட்டுவிட்டோம். சாப்பிட்டு முடித்த சட்டியை வேலியோரம் போடாமல் கழுவித் திரும்பக் கொடுக்கிறோம். "நல்ல சட்டியெண்டாக் காயவெச்சு நெருப்புல காட்டித் திரும்ப எடுப்பன்" என்று மாமி சொன்னா. திரும்பிவராதவற்றுக்குப் புதுச்சட்டி வாங்கத்தானே வேண்டும், அதனால் ஐயாவுக்கு நட்டம் வராதா என்றும் கேட்டோம். மாமி சிரித்தா: "பாதிதான் மனே திரும்பி வரும், மிச்சம் உடைஞ்சிரும்." நாங்கள் வாடகைக்கு இருக்கிற அறையில் மீன் ஆணத்துக்கு ஒரு மண்சட்டி வாங்கியிருக்கிறோம். முதல் சட்டி மூன்றாம் நாளே வெடித்தது. கஞ்சி காய்ச்சிப் பழக்கி எடுக்காமல் அடுப்பில் வைத்தது எங்கட பிழை. இரண்டாவது இன்றைக்கும் இருக்கிறது.

பேருக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அதை அந்த ஐயாவால் தீர்க்க முடியாது, அவருடைய பேத்தியாலும் முடியாது. அந்தப் பிள்ளையோடு வகுப்பில் இருக்கிற பிள்ளைகளும், அவர்களைப் படிப்பிக்கிறவர்களும், வீட்டில் அந்தச் சொல்லை ஏச்சாகச் சொல்கிற நாங்களும்தான் தீர்க்கவேண்டும். கலைப்பீடத்தில் அழகியல் படித்துவிட்டு ஆசிரியராகப் போகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். எங்கட வகுப்பில் அந்தச் சொல் ஏச்சாக வரவிடாமல் பார்ப்பதை அங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும்.

மூன்றாம் தடவை போனபோது ஐயா எங்களைச் சக்கரத்தில் இருத்திப் பார்த்தார். ஒருத்தருக்கும் வரவில்லை. களி கையை விட்டு வழுக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் எங்கள் கைக்கு மேலே தன்ட கையை வைத்து அமத்தினார். "அவசரப்படாதீங்க. வடிவாப் புடிங்க" என்றார். கோணலாக ஒரு சட்டி எழும்பி வந்தது. தயிர் விற்கிற மாமி அதை வாங்கமாட்டா. நாங்கள்தான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.